நாற்பதாவது ஆளின் கார்

எய்லிஃப் தன் காரைத் தானே கெடுத்துக்கொள்கிறான் என்பதுதான் அந்த ஆகஸ்ட் முழுக்க ஹெல்லோய் தீவில் ஓடிய பேச்சு. அக்கரைக்குக் குடிபோகப் பயந்து, ஆளில்லாத நேரம் பார்த்து பானெட்டைத் திறந்து எதையோ தளர்த்திவிடுகிறானாம். பிறகு ஊரைக் கூப்பிட்டு உதட்டைப் பிதுக்குகிறானாம். யார் சொன்னது என்று விசாரித்தால் ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டினார். தீவில் இருப்பதே நாற்பது பேர் என்பதால், பேச்சு ஒரு சுற்றுச் சுற்றி எய்லிஃபிடமே வந்து நின்றது. அவனும் யோசித்துவிட்டு, "இருந்தாலும் இருக்கும்" என்றானாம். இது ஒரு சாட்சியமாகாது. காரையே விசாரிப்பதுதான் முறை.

வெளிர்பச்சை நிறம், நாற்பத்தெட்டு வயது, அப்பா விட்டுப்போனது. ஆக்சிலேட்டரில் கால் இருக்கும்வரை அதற்கு ஒரு குறையும் கிடையாது. காலை எடுத்தால் போயிற்று. நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறும், இரண்டு தடவை இருமும், அடங்கிவிடும். ஈஸ்டர் சமயத்தில் படகில் ஏற்றும்போது முன்சக்கரம் இரும்புப் பலகையிலும் பின்சக்கரம் தரையிலுமாக அப்படித்தான் அடங்கியது. நாற்பது நிமிடம் படகு நகரவில்லை. உள்ளே ஒரு பாதிரியாரும், கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த மூன்றடுக்கு கேக்கும் காத்துக் கிடந்தார்கள். பாதிரியார் மன்னித்துவிட்டார். கேக் சரிந்துவிட்டது.

படகில் வண்டிகளை ஏற்றி இறக்கும் ஒட்வர் அன்றைக்கு ஒரு சட்டம் போட்டான். ஒன்றாம் வகுப்பிலிருந்து எய்லிஃபுடன் ஒரே பெஞ்சு.

"வரிசையில நிறுத்து. கால எடு. பத்து நிமிஷம் தானா ஓடட்டும். ஓடுச்சுன்னா தடுப்பத் தூக்குறேன். ஓடலன்னா நீ என் கூடப் படிச்சவனே இல்லடா."

அக்கரையில் தோர்டிஸ் இருந்தாள். கணவனை இழந்தவள். இரண்டு வருடமாக எய்லிஃபுக்காக ஒரு அறையைக் காலியாக வைத்திருந்தவள், இப்போது கெடு வைத்துவிட்டாள். செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் வராவிட்டால் அறை ஒரு நர்ஸுக்கு. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பான். அவள் அமைதியாகத் தேதி சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே படகேறியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அறுபத்தொரு வயது ஆண்பிள்ளையின் மனசு தெரியாது. "கார் இல்லாமப் போனா நான் அவ வீட்டுல இன்னொரு பெட்டி. எங்க வைக்கிறதுன்னு யோசிப்பா" என்பான்.

தீவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பதிவேட்டில் நாற்பது தலைக்குக் கீழே போனால், குளிர்காலத்தில் தினசரிப் படகு கிடையாது, வாரம் இரண்டு நாள்தான் என்று மாவட்ட நிர்வாகம் எழுதியிருந்தது. நாற்பதாவது தலை எய்லிஃபுடையது. போகாதே என்று ஒருவரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அடுத்தவன் விஷயத்தில் வாய் வைப்பது அங்கே அநாகரிகம். கை வைக்கலாம்.

திறந்த பானெட்டைக் கண்டும் காணாமல் போவது அந்தத் தீவில் செத்த வீட்டைத் தாண்டிப் போவதற்குச் சமம். நின்றாக வேண்டும், குனிந்து பார்த்தாக வேண்டும். வண்டிக்காரன் காபி கொண்டுவந்தாக வேண்டும், முடிந்தால் வாஃபிளும் பழுப்புச் சீஸும். பிளக்கை மாற்று என்றார் ஒருவர், மாற்றினான். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வை என்றார் மற்றொருவர், வைத்தான். மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்றவர் டைமிங்கில் சந்தேகம் கிளப்பினார், அதையும் சரிபார்த்தான். ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் கார் முன்னைவிட மோசமாக உதறியது. காபித்தூள் மட்டும் வாரத்துக்கு ஒரு கிலோ.

காபி எடுக்க உள்ளே போகும் அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது என்ற சந்தேகம் அவனுக்கு இருபத்தாறாம் தேதிதான் வந்தது. தோர்டிஸ் எப்போதோ விட்டுப்போன சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை வைக்கிற, கார்புரேட்டரின் கலவைத் திருகின் தலையிலிருந்து உடம்புவரை மெல்லிய கோடு ஒன்று இழுத்தான். காபியோடு திரும்பி வந்தபோது கோடு உடைந்திருந்தது. பக்கத்தில் கடைக்காரி போர்கில்டு, இரண்டு கைகளையும் பைக்குள் விட்டபடி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா திருப்பின?"

"கால் சுத்து. எல்லாரும் அவ்ளோதான் திருப்புனாங்க."

"உனக்குக் கார்புரேட்டரப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. நாப்பது வரைக்கும் எண்ணத் தெரியும்."

 கொண்டுவந்த காபியை ஆறுவதற்குள் இருவரும் குடித்தார்கள்.

மறுநாள் எய்லிஃப் காரைப் படகுக் கொட்டகைக்குள் தள்ளி, தெருப்பக்கக் கதவைச் சாத்தினான். கடல் பக்கம் மட்டும் புகை போகத் திறந்திருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் தானும் அந்தத் திருகைத்தான் முதலில் திருப்பிப் பார்த்திருந்தான்; அதுதான் தப்பு என்று இப்போது புரிந்தது. எங்கேயோ திருட்டுக் காற்று உள்ளே போகும்போது எந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் என்ன? ஆக்சிலேட்டர் கம்பியில் ஒரு மரச்சக்கையைச் செருகி எஞ்சினை ஓடவிட்டு, தோட்டத்துக் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினான். கார்புரேட்டருக்கும் கீழே, கண்ணுக்கு எட்டாத இடத்தில், பாம்பு சீறுகிற சத்தம். பயன்படாத ஒரு குட்டிக் குழாய் முனை. அதை மூடியிருந்த ரப்பர் மூடி கிழடாகி அடியில் வெடித்திருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. விரலை வைத்து அடைத்துக்கொண்டு, மறுகையால் மரச்சக்கையை உருவினான்.

எஞ்சின் அடங்கவில்லை. இருமாமல், தானாக ஓடியது. 

அதன்பிறகுதான் எய்லிஃபுக்குத் தன் நிலைமை தெரிந்தது. விரலை எடுத்தால் நின்றுவிடும். நின்றால்தான் என்ன, திரும்பவும் ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் ஐந்து மாதம் கழித்துக் கிடைத்த அந்தச் சத்தத்தை விட மனசு வரவில்லை. சூடு ஏற ஏற, குனிந்த இடுப்போடு அப்படியே நின்றான். கதவைத் தள்ளிக்கொண்டு போர்கில்டு வந்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படி நிக்கிற?"

"தெரியல."

"விரல எடுத்தா?"

"செத்துரும்."

அவள் குனிந்து அவன் விரலடியில் எட்டிப் பார்த்தாள். பேசாமல் திரும்பிப் போனால் குளிர்காலத்துப் படகு பிழைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். போனாள்தான், ஆனால் தன் ஆட்டுக் கொட்டகைக்கு. தாயில்லாத குட்டிகளுக்குப் பால் புகட்டும் ரப்பர் காம்பு ஒன்று, நுனியில் இன்னும் துளை போடாதது, திரும்பி வந்தபோது கையில் இருந்தது.

"இது கடன், தெரிஞ்சுக்கோ. ஏப்ரல்ல குட்டி போடுறப்ப எனக்கு இதேதான் வேணும்."

காம்பை மாட்டிக் கம்பியால் இறுக்கினார்கள். பிறகு எய்லிஃப் கலவைத் திருகை மெதுவாக உள்ளே போகும்வரை திருகி, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சின் எங்கே நிமிர்ந்து பாடுகிறதோ அங்கே விட்டான். வேகத் திருகைக் குறைத்தான். காற்றுவடிகட்டியின் மேல் காபிக் கோப்பையை வைத்தார்கள். காபி அசையவில்லை. போர்கில்டு அதைச் சந்தோஷமில்லாமல் பார்த்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி துறையில் எல்லாருக்கும் ஏதோ வேலை இருந்தது. முப்பத்தொன்பது பேரும் தற்செயலாக வந்திருந்தார்கள். எய்லிஃப் காலை எடுத்தான், ஒட்வர் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டாவது நிமிடத்தில் எஞ்சின் ஒரு துடிப்பைத் தவறவிட்டது; கூட்டம் ஓரடி முன்னே வந்தது. பிறகு அது பாட்டுக்கு ஓடியது. பத்தாவது நிமிடம் முடிந்தும் ஒட்வர் தடுப்பில் கை வைத்தபடியே நின்றான்.

"இருபதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கணும்டா" என்றான். தடுப்பைத் தூக்கினான்.

ஆக, தீவில் இருந்தவரை எய்லிஃப் தன் காரைக் கெடுத்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அக்கரை விவகாரம் வேறு. தோர்டிஸின் அடுக்குமாடி முற்றத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓடக்கூடாது என்று பலகை தொங்குகிறது. காலையில் இறங்கிப்போய் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டுவிட்டு, மாடியேறி, தன் நாற்காலி என்று காட்டப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான். சரியான ரப்பர் மூடி தெருமுனை உதிரிபாகக் கடையில் உண்டு. அவன் போகும்போதெல்லாம் கடையில் சாப்பாட்டு இடைவேளை. முகவரி மாற்றப் படிவம் குளிர்பதனப் பெட்டிமேல் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. தோர்டிஸ் ஒருதடவை கேட்டாள். பேனா சரியில்லை என்றான்.

போர்கில்டு கடைப் பலகையில் இன்றைக்கும் நாற்பது என்றுதான் இருக்கிறது. கடன் வைத்துவிட்டுப் போனவனை எப்படிக் கழிப்பது என்கிறாள். படகு தினமும் வருகிறது. ஏப்ரலில் குட்டிகள் பிறந்தன. ஒரு காம்பு குறைந்தது. அவள் ஃபோனில் ஒரே சொல் அனுப்பினாள்: "காம்பு?"

"அடுத்த வாரம்" என்று பதில் போட்டான் எய்லிஃப்.

இப்போது ஜூன்.