பட்டுத் துணிக்குக் கீழே ஒரு ஜீப்

அமிர்தநாதன் செய்த வேலை எதுவும் இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. பம்பாய்க்குப் பக்கத்தில் ஐரோலியில் இருக்கிற கண்ணாடிக் கட்டடங்களில் ஏசிக் காற்று போகும் தகரக் குழாய் மாட்டுவது அவர் தொழில். மாட்டி முடித்த மறுநாளே கீழே பொய்க்கூரை போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் எலி பார்த்தால் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் தாராவிக்கு வந்தவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இங்கிலீஷில் அவர் மறக்காத எழுத்து ஒன்றே ஒன்று. எஃப்.

அந்த எழுத்தைக் காட்டித்தந்தது முகம்மது ஹனீப். மேலப்பாளையத்துக்காரர், குர்லாவில் பங்கார் கடை வைத்திருக்கிறார். பழைய இரும்புக்குப் பம்பாயில் பங்கார் என்றுதான் பெயர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு துண்டுத் தகரம் வாங்கப் போனார் அமிர்தநாதன். ஹனீப் அவரை மூலைக்கு இழுத்துப்போய் ஒரு துருத் தொட்டியைக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுதாவே?"

"தண்ணித் தொட்டி."

"உம்ம தலை. ஜீப்புவே! ரெண்டாம் உலகச் சண்டைக்குக் கப்பல்ல வந்த ஜீப்போட உடம்பு. பன்வெல் பக்கத்துல ஒருத்தன் இதுல கோழிக்குத் தண்ணி வச்சிருந்தான்."

ஹனீப் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு போல்ட்டின் தலையைத் துடைத்தார். நகக்கண் அளவுக்கு ஒரு எஃப் எழும்பி வந்தது. "ஃபோர்டு கம்பெனி. போல்ட்டுத் தலையில கூட அவன் எழுத்த அடிச்சித்தான் அனுப்பியிருக்கான், பாத்துக்கிடும்."

அமிர்தநாதன் துணியை வாங்கிக்கொண்டார். இன்னொரு போல்ட்டைத் துடைத்தார். அதிலும் எஃப். சீட்டுக்கு அடியில், கை போகாத சந்தில், விரல் நுனியால் தடவிப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. அங்கே எவன் குனிந்து பார்க்கப் போகிறான்? யாருமே பார்க்காத இடத்திலும் ஒருத்தன் உட்கார்ந்து எழுத்து வைத்திருக்கிறான்.  தகரம் வாங்க வந்தவர் ஜீப்பின் உடம்பை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்.

திலக் நகரில் ஒரு கராஜுக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்தார். அன்றிலிருந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது. கோபர்கைரனேயில் கான்கிரீட் கலக்கும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தது அந்த ஜாதி இன்ஜின் ஒன்று. கெஞ்சிக் கூத்தாடி, அதற்குப் பதில் டீசல் இன்ஜின் ஒன்றைக் கொடுத்து, கொண்டுவந்தார். ஒன்பது கண் வைத்த முன் கிரில், மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு வீட்டுக்கு ஜன்னலாக இருந்தது. வீட்டுக்காரருக்குப் புது ஜன்னல் அடித்துக் கொடுத்துவிட்டுக் கழற்றினார். உடம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது மேலே நீலம், அதற்குக் கீழே வெள்ளை, அப்புறம் ஒரு மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் பட்டாளப் பச்சை. அந்தப் பச்சை தெரிந்த அன்றைக்கு அவர் மேற்கொண்டு தேய்க்கவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் ஜெயசீலி சொன்னாள்: "என்னையப் பொண்ணு பாக்க ஒரே ஒரு தடவதான் வந்தீங்க. இந்த இரும்ப பாக்க எத்தன தடவ!"

எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர. சேஸ். அதாவது உடம்பையும் இன்ஜினையும் சுமக்கிற அடிச்சட்டம். நீளமாக இரண்டு சட்டம், அவற்றைச் சேர்க்கக் குறுக்கே சில சட்டங்கள். முன்னால் வருகிற குறுக்குச் சட்டம் வில்லிஸ் கம்பெனி ஜீப்பில் உருண்டைக் குழாய். ஃபோர்டில் அப்படி இல்லை, ப எழுத்தைக் கவிழ்த்துப் போட்டது மாதிரி இருக்கும். அந்தக் கவிழ்ந்த ப மட்டும் கிடைக்கவில்லை. புனேயில் கட்கி, நாசிக், டெல்லியில் மாயாபுரி என்று ஐந்து வருஷம் அலைந்தார். போகிற இடத்திலெல்லாம் எஃப் போல்ட் கிடைத்தால் பொறுக்கிவந்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தார். வேறு கம்பெனி சேஸ் எத்தனையோ கிடைத்தது. தொடவில்லை.

போன ஜூலையில் ஏஞ்சலோ அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தாராவி மாதா கோயில் சப்பரக் கமிட்டித் தலைவர். செப்டம்பர் எட்டாம் தேதித் திருவிழாவுக்கு முன்னால் சப்பரத்தின் சக்கரங்களுக்கு கிரீஸ் வைப்பது அவர் குடும்பத்துப் பாத்தியதை. இந்தத் தடவை முழங்கால் மடங்கவில்லை.

"எலேய் அமிர்தம், நீதான் இரும்புக்குள்ள படுத்துக் கெடக்கவனாச்சே. உள்ள பூந்து கிரீஸ வச்சிட்டு வா."

சப்பரத்தின் பட்டுத் துணியைத் தூக்கிவிட்டு அமிர்தநாதன் உள்ளே தவழ்ந்தார். முப்பத்திமூன்று வருஷமாக அந்தச் சப்பரத்துக்கு முன்னால் வடம் பிடித்து இழுத்தவர். கண் எப்போதும் முன்னால் போகிற பாதையில். பின்னால் என்ன உருண்டு வருகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு கிரீஸ் வைத்தார். முன்பக்கம் நகர்ந்தபோது தலை ஒரு சட்டத்தில் இடித்தது. கையால் தடவினார். கை நின்றுவிட்டது.

கவிழ்ந்த ப.

வருஷா வருஷம் அடித்த வெள்ளிப் பெயின்ட் தோல் தோலாக ஏறியிருந்தது. ஒரு போல்ட்டை நகத்தால் சுரண்டினார். நகம் போதாமல் சாவியால் சுரண்டினார். எஃப். அவர் அப்படியே மல்லாந்து கிடந்தார். மேலே பலகை, பலகைக்கு மேலே மாதா. டெல்லி வரை தேடிப் போன பொருள் தன் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் முப்பத்திமூன்று வருஷம் உருண்டு வந்திருக்கிறது. இழுத்து வந்ததே தான்தான்.

"என்னலேய், தூங்கிட்டியா?" வெளியே தடி தட்டியது.

"அண்ணாச்சி, இந்தச் சட்டம் எங்க வாங்குனது?"

"எங்கப்பா மஸ்கான் கப்பல் துறையிலேர்ந்து கொண்டாந்தது, அறுபதுகள்ல. சக்கரத்துக்குச் சக்கரம் நாலடி, நம்ம சந்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சின்னு. ஏம்ல?"

அமிர்தநாதன் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். அந்தச் சட்டத்தைத் தனக்கென்று கேட்டும்விட்டார். ஏஞ்சலோவுக்கு மூக்கு சிவந்தது. "மாதா வண்டிய வந்து பங்கார்க்காரன் மாதிரி வெல பேசுத!"

"வெல பேசல அண்ணாச்சி. புதுசு செஞ்சி தாரேன். இம்மி வளையாது."

ஒரு வாரம் கமிட்டியில் சண்டை. கடைசியில் ஒரு நிபந்தனை: புது அடிச்சட்டத்தில் மாதா சுரூபத்தின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, பவனி போகிற பாதை முழுக்க ஒரு தடவை இழுத்துக் காட்ட வேண்டும். ஓடினால் பழையது அமிர்தநாதனுக்கு.

ஒரு மாதம் ராப்பகலாக உழைத்தார். கனமான இரும்பில் சட்டம், கனமான வில்பட்டை, புது டயர். இணைப்பு ஒன்று விடாமல் வெல்டிங். ஹனீப் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல யானைய ஏத்தலாம்வே" என்றார்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, தூறலில், பன்னிரண்டு பேர் வடம் பிடித்தார்கள். மெயின் ரோடு வரை வெண்ணெயாக ஓடியது. ரேஷன் கடைத் திருப்பத்தில் சாக்கடைக்கு மேல் போட்ட கல் ஒன்று அரை அடி பதிந்து கிடந்தது. இடது முன்சக்கரம் கல்லைத் தொடவில்லை. அந்தரத்தில் நின்றது. சட்டம் ஒரு இம்மிகூட வளையவில்லை. சொன்ன சொல் தவறவில்லை. மூட்டை அத்தனையும் மொத்தமாகச் சாய்ந்து, மேல் மூட்டை இரண்டு சாக்கடையில் விழுந்தன.

 அந்த இடத்தில் மாதா இருந்திருந்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அமிர்தநாதனுக்கு மட்டும் வேறு யோசனை. பழைய சட்டம் இதே கல்லில் அறுபது வருஷமாக எப்படி இறங்கி ஏறியது? அதைச் சுமை ஏற்றாமல் சும்மாவே கொண்டுவரச் சொன்னார். கல்லின் மேல் நிறுத்திவிட்டு ஈரத் தரையில் குப்புறப் படுத்தார். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. சட்டம் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொடுத்தது, தூங்குகிற ஆள் புரண்டு படுக்கிற மாதிரி. நாலு சக்கரமும் தரையில். அப்போதுதான் பார்த்தார்: மூட்டுக்கு மூட்டு ரிவெட் ஆணி அறைந்திருந்தது. ஒரு இடத்திலும் வெல்டிங் இல்லை. காட்டிலும் மேட்டிலும் ஓட வேண்டிய வண்டிக்கு எங்கே வளைய வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறான் ஃபோர்டுக்காரன். முப்பது வருஷம் இரும்பில் கை வைத்தும் தனக்கு இது தெரியவில்லையே என்று அமிர்தநாதன் வாய் திறந்தபடி கிடந்தார்.

ஏஞ்சலோ பக்கத்தில் வந்து நின்றார். மனுஷனுக்கு இரக்கம் வந்துவிட்டது. "கொண்டு போலே. அஞ்சு வருஷமா அலைஞ்சிருக்க. சின்னச் சுரூபம் ஒண்ணு இருக்கு, ஒம் புதுச் சட்டத்துல அத வச்சி ஓட்டிக்கிடுதோம். சாயாது."

அமிர்தநாதன் எழுந்து சட்டை மண்ணைத் தட்டினார். 

"வேண்டாம் அண்ணாச்சி. இது ஓடிட்டுல்லா இருக்கு."

"ஓடாததத்தான் வேணுங்கியா?"

"நான் கொண்டு போனா திலக் நகர்ல துணி போத்தி நிறுத்திதான் வைப்பேன்."

ஹனீப் தலையில் அடித்துக்கொண்டார். "காலிபீலி, ஒண்ணுமில்லாததுக்கு அஞ்சு வருஷம் என் உயிர எடுத்தீரேவே!"

மறுநாள் அமிர்தநாதன் பிஸ்கட் டின்னோடு சப்பரத்துக்கு அடியில் நுழைந்தார். வெள்ளிப் பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்தார். காலப்போக்கில் யார் யாரோ மாட்டிய கள்ள போல்ட்டுகள் பதினொன்று இருந்தன. கழற்றி எறிந்துவிட்டு, தன் ஜீப்புக்காகச் சேர்த்ததிலிருந்து பதினொன்றை எடுத்து முடுக்கினார். பட்டாளப் பச்சை பூசினார். பட்டுத் துணியை இறக்கிவிட்டார்.

எட்டாம் தேதி சாயங்காலம் மழை விட்டிருந்தது. பேண்டு முழங்க மாதா புறப்பட்டாள். சந்து முழுக்க ஜனம், மாடியில் ஜனம். அத்தனை கண்ணும் மேலே, கிரீடத்தில். முப்பத்திமூன்று வருஷத்தில் முதல் தடவையாக வடத்தில் அமிர்தநாதன் இல்லை. இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கூனிக்கொண்டு, பட்டுத் துணியின் ஓரத்தை ஒரு சாண் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்தார்.

ரேஷன் கடைத் திருப்பம். சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. பச்சைச் சட்டம் மெல்ல முறுக்கியது, நிமிர்ந்தது. மேலே ஒரு பூ உதிரவில்லை. எண்பது வருஷத்து இரும்பு.

ஜெயசீலி முதுகில் இடித்தாள். "ஊரே மேல மாதாவப் பாக்கு. நீங்க என்னத்தங்க கீழ பாத்துட்டு வாரீங்க? நிமிருங்க!"

"இரு ஜெயா," என்றார் அமிர்தநாதன், நிமிராமலே. "இன்னும் ஒரு சாக்கடை இருக்கு."