கொடிக்கம்பத்து நிழலுக்கு நான் போட்ட மைனஸ்

புதிதாக வேலைக்கு வரும் சயன்ஸ் வாத்தியார்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூடுதல் மார்க்குக்கு விதி எழுதாதீர்கள். எழுதினால், அந்த விதியை உங்களைவிட ஒழுங்காகப் படிக்கிற ஒருவன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். எனக்கு உட்கார்ந்திருந்தான்.

1. விதி பிறந்தது

அரிமளம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்கு சயன்ஸில் முப்பது மார்க்கே மலையாக இருந்தது. பாவம் பார்த்து ஒரு விதி போட்டேன்: உயிரினம் ஒன்று கொண்டு வந்தால் ஒரு மார்க். மறுநாள் காலையில் என் மேஜை மேல் முப்பத்தேழு தவளை, இரண்டு ஓணான், தகர டப்பாவில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு நட்டுவாக்காலி. அன்றைய பாடத்தை நான் பெஞ்சு மேல் நின்றபடி நடத்தினேன்.

உடனே விதியை மாற்றினேன். ஏதாவது ஒன்றைப் பள்ளி நாள் தவறாமல் இரண்டு மாதம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பத்து மார்க். ஒரே ஒரு எண்ணைக் கற்பனையாக எழுதினாலும் பத்து மைனஸ்.

மூன்று பேர் மழை அளந்தார்கள். மார்கழி தொடங்கியதிலிருந்து நோட்டு முழுக்க ‘மழை இல்லை’. எங்கள் சீமையில் அதைப் பொய் என்று சொல்ல முடியாததால் பத்துப் பத்தாகப் போட்டுக் கொடுத்தேன்.

2. சிவப்பு மை

வெள்ளைச்சாமி ஒரு கொத்தனாரின் மகன். அரையாண்டில் சயன்ஸில் இருபத்தேழு. அவன் அப்பா பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: “பெயிலாப் போனான்னா காரைக்குடி வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேங்க. அங்கிட்டு சுண்ணாம்பு கொழைக்க ஆளு பத்தல.” பாஸ் மார்க் முப்பத்தைந்து. பையனுக்கு அந்தப் பத்து மார்க்தான் பத்தாம் வகுப்பு.

ஜனவரிக் கடைசியில் நோட்டை நீட்டினான். வீட்டுக்கு மனை போடும்போது அவன் அப்பா திசை பார்க்கிற முறைப்படி, கொடிக்கம்பத்தடியில் வடக்கு தெற்காகக் கரியால் ஒரு கோடு இழுத்திருக்கிறான். தினமும் மத்தியான மணி அடித்ததும் ஓடிப்போய் நின்று, கம்பத்து நிழல் சரியாக அந்தக் கோட்டில் விழும் நேரத்தை வராந்தாக் கடிகாரத்தில் பார்த்து எழுதியிருக்கிறான்.

நவம்பரில் தொடங்கியபோது பன்னிரண்டு. பிறகு பன்னிரண்டு ஐந்து. மார்கழியில் பன்னிரண்டு பத்து, பதினைந்து. கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு இருபத்தாறு.

உச்சிப்பொழுது என்றால் பன்னிரண்டு மணி. இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று மட்டும் யோசித்ததில்லை. ஒவ்வொரு எண்ணையும் அடித்து மேலே 12 என்று சிவப்பு மையால் எழுதினேன். அடியில் ‘மைனஸ் 10’.

“ஏன்டா, சூரியன் என்ன நம்ம டிராயிங் வாத்தியாரா, தெனம் லேட்டா வர்றதுக்கு?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

“அது அப்பிடித்தான் சார் வருது. நா என்ன சார் பண்றது?”

“மேகம்னு ஒம்போது நாளு சும்மா விட்டிருக்கியே?”

“நெழலு விழுகல சார். இல்லாத நெழலுக்கு என்னத்த எழுதுறது?”

நோட்டை மறுபடி புரட்டினேன். கற்பனை செய்கிறவன் ஒன்பது இடத்தைக் காலியாகவா விடுவான்?

3. கடிகாரத்தின் மேல் பழி

எனக்குப் பயம் வந்தால் முதலில் பிறர் மேல் பழி போடுவேன். ஹெட்மாஸ்டரிடம் போய், “சார், உங்க கடிகாரம் அரை மணி முந்திப் போகுது” என்றேன்.

“வாரா வாரம் ரேடியோ வச்சுத் திருப்புறேன்யா. வேணும்னா டில்லிக்கு எழுதிப் போடும், ரேடியோவும் தப்புன்னு!”

மறுநாள் பஞ்சாயத்து ரேடியோவில் என் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு கொடிக்கம்பத்தடியில் நின்றேன். பன்னிரண்டு ஆனது. நிழல் கோட்டுக்கு மேற்கே வெகுதூரத்தில் கிடந்தது. எனக்கு வேர்த்தது, வெயிலால் அல்ல. பன்னிரண்டு இருபத்தேழுக்கு நிழல் மெல்ல வந்து கரிக்கோட்டின் மேல் படுத்தது.

பக்கத்தில் வெள்ளைச்சாமி. “இன்னும் கொஞ்சம் தள்ளும் சார். அப்பறம் நின்னு திரும்பிரும்.”

“ஒனக்கு யாருடா சொன்னா?”

“மார்கழில வாரத்துக்கு மூணு நிமிசத்துக்கு மேல தள்ளுச்சு. இப்ப ரெண்டுகூட இல்ல. கொறஞ்சுக்கிட்டே வந்தா நின்னுதானே சார் ஆகணும்? ஊஞ்ச மாதிரி.”

வீட்டுக்கு ஓடவில்லை, நடந்தேன். ஆனால் வேகமாக நடந்தேன். சனிக்கிழமை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டினேன். நம் மணியை நமக்குக் கிழக்கே வெகுதூரத்திலுள்ள ஒரு தீர்க்கரேகையை வைத்துக் குறித்திருக்கிறார்களாம். அங்கே உச்சி தாண்டிக் கால் மணி கழித்துத்தான் நமக்கு உச்சி. அதுபோக, பூமி சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றும் வேகமும் ஒரே சீராக இல்லை. அதனால் உச்சிப்பொழுது வருஷம் முழுக்க முன்னும் பின்னும் நகரும். என் பட்டப்படிப்பில் இந்தப் பக்கத்தை நான் எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

4. நின்றது

படித்தது பெரிதில்லை. பார்த்ததுதான். தினமும் போய் நின்றேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. பிறகு பிப்ரவரி நடுவில் பல நாள் அதே இருபத்தொன்பது. மாசி பிறந்து கொஞ்ச நாளில், பன்னிரண்டு இருபத்தெட்டு!

என் செருப்புக்குக் கீழே இவ்வளவு பெரிய பூமி ஓடிக்கொண்டிருக்கிறது, வேகம் மாற்றுகிறது, அதைக் காட்ட ஒரு கொடிக்கம்பமும் கரித்துண்டும் போதுமாம். அது திரும்பும் என்று இருபத்தேழு மார்க் வாங்கியவன் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டான்.

வெள்ளைச்சாமிக்குப் பத்து மார்க் போட்டேன். முழுப் பரீட்சையில் இருபத்தாறு, இதோடு முப்பத்தாறு. சுண்ணாம்புக்கு அவன் அப்பா வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

பாக்கி இருந்தது விதி. கற்பனையாக எண் எழுதினால் பத்து மைனஸ். அந்த நோட்டில் கற்பனை எண்கள் எல்லாம் சிவப்பு மையில் இருந்தன. நோட்டீஸ் போர்டில் என் பெயரை எழுதி, எதிரே ‘மைனஸ் 10’ என்று போட்டேன்.

ஹெட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். “வாத்தியாருக்கு மைனஸ் போட ஜி.ஓ. இருக்காய்யா?”

வெள்ளைச்சாமி நின்று நிதானமாகப் படித்தான். சிரிக்கவில்லை. எனக்காக உண்மையிலேயே கவலைப்பட்டான்.

“ரெண்டு மாசம் ஒரு நாளும் விடாம எதையாச்சும் பாத்து எழுதுங்க சார். பத்து மார்க் கெடைக்கும், சரியாப் போயிரும்.”

ஊர் மாறி, பள்ளி மாறி, இப்போதும் மத்தியான மணி அடித்ததும் கொடிக்கம்பத்தடிக்குப் போய்விடுகிறேன். சிவப்பு மைப் புட்டியைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.