அல்லேலூயாவுக்கு ஒரு படம்

சேலத்தில் எங்கள் மாதா கோவில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசி வந்தவர் அவர். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுவார். அப்போதும் காதில் தூரிகை செருகியிருக்கும்.

எனக்கு நல்ல குரல், எழுத்துதான் வராது. அந்த வருஷம் ஈஸ்டருக்குப் புதுப் பாட்டு, நீளமான பாட்டு. "படிக்கத் தெரியாட்டி இந்தத் தடவ சும்மா நில்லு" என்றாள் குழுத் தலைவி. நானா சும்மா நிற்பேன்? நேராக அவரிடம் போனேன். வரிக்கொரு படமாக ஓர் அட்டையில் வரைந்து கொடுத்தார். கல்லறை, சூரியன், ஆடு.

"ஏனுங்க, கோவில் படத்துல ஆட்டுக்குச் சுருட்ட மயிருல்ல இருக்கும்?"

"நான் பாத்தது நம்மூரு மொழுமொழு மேச்சேரி ஆடு தானுங்க அம்மிணி."

கடைசிப் படத்தில் காதில் தூரிகையோடு ஒருவர் வாயைப் பிளந்து நின்றார்.

"இது ஆருங்க?"

"அல்லேலூயாவ எப்படீங்க வரையறது? அதான் என்னையே போட்டுட்டேன்."

ஈஸ்டர் காலையில் ஒரு வரி தப்பாமல் பாடினேன். தலைவி என் அட்டையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

சில வருஷம் கழித்து அவருடைய அடக்கத்தில், அவருக்குப் பிடித்ததென்று அதே பாட்டைப் பாடினோம். அல்லேலூயா வந்ததும் எல்லோரும் பாட்டை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். என் அட்டையில் அவர் மட்டும் வாயைப் பிளந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு உரக்கப் பாடினேன்.