அந்தோணியாருக்குப் பின்னால எரிஞ்ச லைட்டு

செபஸ்தி அண்ணன் நம்பர்ல இருந்து போன் வந்தப்ப நான் கமுதி மார்க்கெட்டுல மீன் பொட்டி எறக்கிக்கிட்டு இருந்தேன். நான் தனியா வண்டி எடுத்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் அவரு கூப்பிட்டு, மீட்டர்ல லைட்டு எரியுதான்னு ஒரே கேள்விதான் கேப்பாரு. அதனால எடுத்த ஒடனே, "லைட்டு எரியலண்ணே, நிம்மதியாப் படுங்க"ன்னேன். அந்தப் பக்கம் அவரு வீட்டுக்காரம்மா ரீத்தா அக்கா. "ஒங்க அண்ணன் போயிட்டாருப்பா"ன்னுச்சு. என் கையில இருந்த ஐஸ் பொட்டி நழுவி வண்டித் தொட்டியில விழுந்துச்சு. அத நான் அப்பக் கவனிக்கல.

விடியக்காலம் நெஞ்சப் பிடிச்சிருக்கு. முந்துன நாளே வலிச்சிருக்கு, வாயுன்னு சோடாவக் குடிச்சுட்டுப் படுத்திருக்காரு. ஆம்புலன்சு பாம்பன் பாலத்துல ஏறுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு மத்தியானமே அடக்கம்னு சொல்லிட்டாக. அக்கா ஒண்ணுதான் கேட்டுச்சு. அவர அவரு வண்டியிலதான் கல்லறைக்குக் கொண்டுபோகணும், வேற வண்டி வேணாம், நீ வந்துரு.

நான் நேரத்துக்கு வரல. பெட்டி கோயில் வாசல்ல காத்துக் கெடந்துச்சு. தங்கச்சிமடம் வண்டி ஸ்டாண்டுல இருக்க நீங்க அத்தன பேரும் என்னைய ஏசுனீங்க. ஏசாம என்ன செய்வீங்க. இப்ப முப்பதாம் நாளு பூசைக்கு, கூட ஓட்டுனவன் நீதான, அண்ணனப் பத்தி எழுதிக் குடுன்னு கேக்குறீங்க. நான் ஆட்டோமொபைல் டிப்ளமோவ பாதியில விட்டவன், அழகா எழுத வராது. நடந்தத எழுதுறேன்.

அவர நீங்க பயந்தாங்கொள்ளி செபஸ்தின்னுதான் கூப்பிட்டீங்க. அவரு கோவிச்சதே இல்ல. சின்ன வயசுல கடல்ல எஞ்சின் நின்னுபோயி, காத்து இழுத்த பக்கமெல்லாம் போயி, எல்லையத் தாண்டிருவமோன்னு வெறச்சுப்போயி உக்காந்திருந்தவரு. கரைக்கு வந்ததும் கடலே வேணாம்னு விட்டுட்டாரு. கரையிலயும் அந்தப் பயம் போகல. வண்டியில புதுசா ஒரு சத்தம் கேட்டாப் போதும், "பயமாருக்குலே, எறங்கிப் பாப்பம்"பாரு. மழையோ வெயிலோ, எறங்கிப் பாத்தாத்தான் அடுத்த கியரு. நான் வேகமா ஓட்டுறவன். அவரு பக்கத்துல இருந்தா எனக்கு எரிச்சலா வரும்.

வண்டிய கமுதிப் பக்கம் ஒரு ஆளுகிட்ட நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வாங்குனோம். பழைய பெட்ரோல் லோடு வண்டி. மீட்டர் கண்ணாடி மேல அந்தோணியார் ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சு. அண்ணனுக்கு அதப் பாத்ததுமே வண்டி பிடிச்சுப்போச்சு. வித்தவரு நெத்தி நெறையத் திருநீறு, அவரு வண்டியில அந்தோணியாருக்கு என்ன வேலன்னு எனக்கு அப்பத் தோணல. அண்ணன் தெனமும் சாவி போட முன்னாடி அதத் தொட்டு முத்திக்குவாரு.

ஒருநா லோடு எறக்கிட்டு வாரோம். உச்சிப்புளி தாண்டி இருட்டத் தொடங்குது. அண்ணன் என் தொடையப் பிடிச்சு அமுக்குனாரு. "ஏலே, அந்தோணியாரப் பாரு." பாத்தேன். அவரு தலைக்குப் பின்னால மஞ்சளா, வட்டமா வெளிச்சம். எனக்கும் ஒரு நிமிசம் மயிரு சிலுத்துப்போச்சு. அண்ணன் செபம் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. நான் குனிஞ்சு ஓரத்த நகத்தால நெம்பிப் பாத்தா, உள்ள எஞ்சின் படம் போட்ட கோளாறு லைட்டு எரியுது. வாங்குன நாள்ல இருந்து எரிஞ்சிருக்கு. வெயில்ல ஸ்டிக்கரு வெளுத்துப்போனதால இப்ப வெளிய தெரியுது. வேதக்கார ஆளு சாமி படத்தக் கிழிக்க மாட்டான்னு தெரிஞ்சே ஒட்டி வித்திருக்கான். நான் சிரிச்சேன். அண்ணன் சிரிக்கல. வெளிச்சம் சாமியோடதா இருந்தப்பக்கூட அவரு அம்புட்டுப் பயப்படல.

மறுநா ஈரத்துணி வச்சு அவரே படத்த நோகாம உரிச்சு எடுத்தாரு. ராமநாதபுரத்துல ஒரு ஒர்க்‌ஷாப்புல கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தாக. சைலன்சர் குழாயில புகையச் சுத்தம் பண்ற டப்பா ஒண்ணு இருக்குல்ல, கன்வெர்ட்டரு, அது வேல செய்யலன்னு வந்துச்சு. மாத்துங்கன்னாக. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? டப்பா உள்ள கம்பிய விட்டுக் குத்திக் காலி பண்ணு, இல்லாட்டி பல்பப் புடுங்கிப் போடு. நானும் அதத்தான் சொன்னேன். அண்ணன், "கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டச் சொல்றீகளா"ன்னாரு. அதுக்கும் சிரிச்சோம்.

டப்பா வாங்கக் காசு சேரல, அதோடயே ஓட்டுனோம். அடுத்த வாரம் முதுகுளத்தூர் ரோடு. அறுப்பு சமயம், அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியும், வண்டி ஏறி மிதிக்கட்டும்னு உளுந்தஞ்செடியக் காயவச்சு ரோடு முழுக்கப் பரப்பியிருப்பாக. எல்லா வண்டியும் ஏறித்தான் போகும். நான் வேகத்தக் கொறைக்காம ஏத்துனேன். பாதியில கருகுன வாடை. கண்ணாடியில பாத்தா அடியில இருந்து புகை. நான் பிரேக்குல கால வச்சேன். எப்பவும் நிப்பாட்டு நிப்பாட்டுன்னு சொல்ற மனுசன் கத்துனாரு, "நிப்பாட்டாத. போ. செடியத் தாண்டிப் போ."

ரோட்டோரமா பொம்பளையாளுக உக்காந்து தூத்திக்கிட்டு இருந்தாக, பக்கத்துலயே செடி குமிச்சுக் கெடந்துச்சு. அங்கன நிப்பாட்டியிருந்தா அத்தனையும் பத்தியிருக்கும். செடி முடிஞ்சு வெறும் பொட்டல் வந்ததும் நிப்பாட்டுனேன். அண்ணன் குதிச்சுட்டாரு. ஐஸ் பொட்டியில இருந்த மீன் தண்ணிய வாளியில மோந்து மோந்து அடியில அடிச்சாரு. படுத்து உள்ள போயி, எரியிற செடியக் கையாலயே பிடுங்கிப் போட்டாரு. நானும் படுத்துப் பாத்தேன். பட்டப்பகல்ல, நிழலுக்குள்ள, அந்த டப்பா செவசெவன்னு கனிஞ்சுபோயி இருந்துச்சு.

வெளிய வந்து உக்காந்தாரு. கை ரெண்டும் கொப்புளம். அப்பத்தான் அந்தக் கேள்வியக் கேட்டாரு. "டப்பா செத்துப்போச்சுன்னா அது ஆறித்தான கெடக்கணும்? ஏன்லே இம்புட்டு கொதிக்குது?"

கம்ப்யூட்டரு சொன்னத நான் அதோட விட்டுட்டேன். அவரு பயந்ததால விடல. நான் போன்ல தேடித் தேடிப் பாத்தேன். மறுநா காலையில வண்டி ஆறிக் கெடக்கையில ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின்ல இருந்து வார நாலு குழாய் மேலயும் தண்ணியச் சொட்டு விட்டேன். அண்ணன் டார்ச்சு பிடிச்சாரு. மூணு குழாயில சொய்யுன்னு ஆவியாச்சு. ஒண்ணுல தண்ணி அப்படியே வழிஞ்சுச்சு. அந்தப் பக்கம் எஞ்சினுக்குள்ள பெட்ரோல் எரியவே இல்ல. எரியாத பெட்ரோல் நேரா டப்பாக்குள்ள போயி அங்கன எரிஞ்சிருக்கு. டப்பா தானாக் கெடல, அந்தப் பெட்ரோல்தான் கெடுத்திருக்கு.

எஞ்சின் சீட்டுக்கு அடியிலதான, சீட்டத் தூக்கிப் பாத்தா, தொட்டி மூலையில தகடு அரிச்சு ஓட்டை. ஐஸ் தண்ணி அது வழியாச் சொட்டி, பொறி குடுக்குற பிளக்கு வயர உப்பு தின்னு பச்சை பூத்துக் கெடந்துச்சு. நாம மீன் ஏத்துற ஆளுக, தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு யாரு பாத்தோம்? வயர மாத்துனோம். உள்ள உருகிக் கெடந்த டப்பாவையும் மாத்துனோம். போட்டுக்குப் பூசுற பைபர வச்சு ஓட்டைய அண்ணன் அடைச்சாரு. அந்தோணியாரத் திரும்ப ஒட்டுனாரு, லைட்டு மேல இல்ல, பக்கத்துல. "அவரும் ஒரு கண்ணு பாத்துக்கிரட்டும்"னாரு.

இப்ப அந்த நாளுக்கு வாரேன். கமுதியில இருந்து அழுதுக்கிட்டே வெரட்டிட்டு வாரேன். முதுகுளத்தூர் தாண்டி லைட்டு வந்துச்சு. நின்னு எரியல, விட்டு விட்டு மினுங்குச்சு. வண்டி உதறுது. முன்னால ரோடு முழுக்க உளுந்தஞ்செடி. போன்ல நீங்க மாத்தி மாத்திக் கூப்பிடுறீங்க, எங்க வார, எங்க வாரன்னு. ஏத்திட்டுப் போயிருவோமான்னு நெனச்சேன். ஒரு நாளு தான, ஒண்ணும் ஆகாது. அப்பறம் அந்தச் செவந்த டப்பா கண்ணுல வந்துச்சு. பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. செடிக்கு முன்னாலயே நிப்பாட்டுனேன்.

சீட்டத் தூக்குனேன். காலையில நான் கீழ விட்ட ஐஸ் பொட்டி, அண்ணன் பூசுன பைபர ஒடச்சிருந்துச்சு. வயரு நனைஞ்சு கெடந்துச்சு. தொட்டித் தண்ணிய எறச்சேன், சட்டையக் கழட்டி வயரத் தொடச்சேன், டப்பா ஆறட்டும்னு காத்திருந்தேன். ஒரு அம்மா வந்து, வண்டி ஏறத்தானய்யா போட்டுருக்கோம், சும்மா ஏறிப் போன்னுச்சு. நான் சொன்னேன், "பயமாருக்குத்தா. கொஞ்சம் ஒதுக்கிக் குடுங்க." அந்தம்மா என் மூஞ்சியப் பாத்துச்சு. கவைக்கம்ப எடுத்து ஒதுக்குச்சு. நானும் ஒதுக்குனேன். அதுல போனதுதான் நேரம்.

சட்டையில்லாம கோயில் வாசல்ல வந்து எறங்குனேன். நீங்க கத்துனீங்க. ரீத்தா அக்கா மட்டும் கிட்ட வந்து, ஏம்ப்பா இம்புட்டு நேரம்னுச்சு.

"லைட்டு எரிஞ்சுச்சுக்கா."

"எறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பெட்டிய ஏத்துங்க"ன்னுச்சு.

கல்லறை வரைக்கும் ஊந்துதான் ஓட்டுனேன். கண்ணு ரோட்டுல பாதி, லைட்டுல பாதி. எரியல.

அக்கா வண்டிய என்னையே ஓட்டச் சொல்லிருச்சு. பைபரத் திரும்பப் பூசிட்டேன். அந்தோணியார் பக்கத்துல பாத்துக்கிட்டு இருக்காரு. வேகம் கொறஞ்சுபோச்சு, சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் நெஞ்சு அடிச்சுக்குது, எறங்கிப் பாக்குறேன். வண்டியவிட அந்தப் பயத்தத்தான் நான் அவருகிட்ட இருந்து வச்சிருக்கேன். நீங்க அவருக்கு வச்ச பேரு ஸ்டாண்டுல சும்மா கெடக்க வேணாம். எனக்கு வச்சுக்கூப்பிடுங்க, திரும்பிப் பாப்பேன்.