ஒரே பக்கெட்டில் பெண் மீன்கள்

செல்வராஜ் அண்ணன் இறந்த செய்தி, நம் கில்லி மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர், "பிரதர், சாரோட மீனெல்லாம் யார் எடுத்துக்கறது?" என்று கேட்டிருந்தார். உடல் இன்னும் மருத்துவமனையிலிருந்து வரவில்லை. அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களும் இதைப் படிப்பீர்கள். படியுங்கள்.

காக்ஸ் டவுனில் அவர் வீட்டுப் பின்பக்க அறை முழுவதும் விரல் நீளக் கில்லி மீன்களின் சிறு தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் அந்த மீனின் பரம்பரை வந்த ஆப்பிரிக்க ஊரின் பெயர். இனம் ஒன்றுதான், ஆனாலும் ஓர் ஊர் மீனை இன்னோர் ஊர் மீனோடு சேரவிடமாட்டார். ஆண் மீன்களை நிறத்தை வைத்துப் பிரித்துவிடலாம். பெண் மீன்கள் எல்லாம் ஒரே பழுப்பு. எந்தத் தொட்டியில் இருக்கிறதோ, அதுதான் அதற்கு அடையாளம். ஒருமுறை ஒரு பெண் மீன் துள்ளிப் பக்கத்துத் தொட்டியில் விழுந்துவிட்டது. வந்தது எது, இருந்தது எது என்று தெரியவில்லை. அந்தத் தொட்டியிலிருந்த அத்தனை பெண் மீன்களையும் தனியே வைத்து, சாகும்வரை தீனி போட்டார். அவற்றின் ஒரு முட்டையைக்கூடப் பொரிக்க விடவில்லை. "கலர் போனா திரும்பக் கொண்டாந்துடலாம்பா. ஊர் போனா வராது," என்றார்.

யார் கேட்டாலும் ஒரு ஜோடி கொடுப்பார். "தனித் தொட்டி இருக்கா?" என்று மட்டும் கேட்பார். இருக்கிறது என்று புளுகுபவர்களை எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். அவர்களுக்கு டீ கொடுத்து, ஊர்க்கதை பேசி, வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்.

அடக்கம் முடிந்த மறுநாளே நம்மவர்கள் மீன்களைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். அண்ணனின் மனைவி மேரி அக்கா, "வந்தவங்க எல்லாம் அவரோட புள்ளைங்கதானே" என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆண் மீன்கள் தனித்தனிக் கவரில், ஊர்ப் பெயரோடு பத்திரமாக இருந்தன. பெண் மீன்கள் அத்தனையும் ஒரே நீலப் பக்கெட்டில்.

கோபத்தில் பக்கெட்டைக் காட்டிக் கேட்டேன்: "என்ன பிரதர் செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"டென்ஷன் ஆகாதீங்க சார். ஆளுக்கு ரெண்டு ஃபீமேல் எடுத்துக்கலாம்."

சொன்னவர் நேற்று வந்தவரில்லை, குழு தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். ஏன் கலந்தீர்கள் என்றால், கவர் தீர்ந்துவிட்டதாம். அன்று மாலையே 'சாரின் நினைவாக' என்று படம் போட்டீர்கள்.

அண்ணன்மேலும் எனக்குக் கோபம்தான். தொட்டியைப் பற்றிக் கேட்டவர், ஆளைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

கிளம்பும்போது மேரி அக்கா கேட்டார்: "மீனெல்லாம் நல்லபடியா போயிடுச்சில்லப்பா?"

"போயிடுச்சுக்கா," என்றேன். உங்களைக் காப்பாற்ற அதைச் சொல்லவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அண்ணன் ஊர்ப் பெயர் எழுதிக் கொடுத்த ஒரு கவர் என் அலமாரியில் இருக்கிறது. ஈரமான தேங்காய் நார்த்தூளுக்குள் ராகி அளவில் முட்டைகள். இந்த முட்டைகள் மாதக்கணக்கில் அப்படியே உயிரோடிருக்கும்; தண்ணீர் ஊற்றினால் பொரிக்கும். அவர் அறையில் இருந்த அத்தனை ஊர்களில் கலக்காமல் மிஞ்சியது இந்த ஒன்றுதான். விஷயம் தெரிந்து இப்போதே ஜோடி கேட்கிறீர்கள். வாருங்கள். வாசலிலேயே அவருடைய கேள்வியைக் கேட்பேன்.

டீக்குப் பால் நிறைய வாங்கி வைத்திருக்கிறேன்.