சித்திக்கு நான் சொல்லிக்கொடுத்த நாடு

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாட்டைப் பற்றி முழுவதுமாக விளக்கிச் சொல்லும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவர் சித்தப்பா. கற்றுக்கொள்ள வேண்டியவள் சித்தி. கிள்ளான் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி அவளுக்கு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோல சிலாங்கூருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் கடைசி இரண்டு வீடுகள் எங்களுடையவை. ஒன்றில் அப்பா, அம்மா, நான். பக்கத்து வீட்டில் சித்தப்பா. அவர் பழக்குலை வெட்டுகிறவர். அதிகம் பேசாதவர். இங்கே பெண் அமையாமல் வருடங்கள் இழுத்துக்கொண்டே போனதால், தஞ்சாவூர்ப் பக்கம் தூரத்து உறவில் பெண் பார்த்து, போய்த் தாலி கட்டிவிட்டு வந்தார். ஆறு மாதம் கழித்துச் சித்தி தனியாகக் கப்பலேறி வந்து சேர்ந்தாள்.

"நாட்டு வெவரமெல்லாம் இவளுக்குச் சொல்லிக் குடுலா. பள்ளிக்கூடம் போறவ நீதானே" என்றார் சித்தப்பா.

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சித்தியை அடுப்படியில் உட்காரவைத்து, எதிரில் நின்றுகொண்டு பாடம் நடத்தினேன். ரூபாய் என்று சொல்லக்கூடாது, வெள்ளி என்று சொல்லவேண்டும். ரோட்டுக்குப் பெயர் சடக்கு. காலையில் சாப்பிடுவதில்லை, பசியாறுவது. ஆளைக் காட்டும்போது ஆள்காட்டி விரலை நீட்டினால் மரியாதைக் குறைவு. மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டவேண்டும். மலாய்க்காரப் பிள்ளைகளின் தலையைத் தொடக்கூடாது. அவர்கள் வீட்டில் எதுவும் சாப்பிடக்கூடாது, மாட்டுக்கறி இருக்கும். சட்டையில் பித்தான் நிறைய வைத்த யாராவது எதையாவது கேட்டால் "தா தாவு" என்று சொல்லிவிடவேண்டும். தெரியாது என்று அர்த்தம். இந்தக் கடைசி விதி என் சொந்தக் கண்டுபிடிப்பு. மலாய் வாத்தியார் எதைக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். அதுவரை பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை.

சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. நல்ல மாணவி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் மலாய்க்காரர் வாசலில் நின்ற சித்தியைப் பார்த்து ஏதோ கேட்க, அவள் முகம் சிவந்து உள்ளே ஓடிவந்தாள்.

"பாப்பா, அந்தாளு என்னப் பாத்து மாக்கான்னு சொல்றாரு. எங்க ஊர்ல மடையனத்தான் அப்படிச் சொல்வாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"என்ன சொன்னாரு?"

"சூடா மாக்கான்னாரு."

நான் சிரித்த சிரிப்பில் லயத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "சாப்டாச்சான்னு கேக்குறாருடி. இங்க எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க" என்று சித்திக்கு விளக்கினாள்.

சித்திக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. "நெசமாவே அதத்தான் கேட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். அவர் போன செம்மண் சடக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொள்வாள், விரலால் தள்ளித் தள்ளி ஓரத்தில் சேர்ப்பாள், பிறகு எழுந்து கை கழுவிவிடுவாள். மூன்றாவது மாதத்தில் கைவளையல்கள் முழங்கைவரை ஏறின. என் பாடங்களின்போது அவளாகக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"இந்த ஊர்ல நெல்லு எங்க பாப்பா வெளையுது?"

"இங்க நெல்லெல்லாம் வெளையாது சித்தி. அரிசி லோரில வரும்" என்றேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன். நான் பார்த்தவரை நாடு முழுவதும் செம்பனை. அதற்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாரியம்மன் கோயில், மாதத்துக்கு ஒரு முறை கோல சிலாங்கூர்ப் பட்டணம். சித்தி "அப்படியா" என்றாள். அதற்குப் பிறகு என் பாடங்களுக்குத் தலையாட்டுவதுகூடக் குறைந்துபோனது.

ஒரு சனிக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் பட்டணத்துக்கு அனுப்பினாள். சித்திக்கு முகப்படம் எடுக்கவேண்டும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "நீ போனாத்தான் அவ வருவா. படம் எடுத்துட்டு நேரா வந்துரணும்" என்று அம்மா என்னிடம் தனியாகச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது.

படக்கடை பூட்டியிருந்தது. கடைக்காரச் சீனர் சாப்பிடப் போயிருப்பதாகவும் ஒரு மணிக்கு வருவார் என்றும் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். பஸ் நிலையத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். எதிரில் ஒரு மலாய்க்கார அம்மாள் இரண்டு கைகளிலும் பைகளோடு நின்றிருந்தார். சித்தியின் பார்வை அவருடைய கால்களிலேயே இருந்தது. கைலியின் கரையிலும் கணுக்காலிலும் சாம்பல் நிறத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"பாப்பா, அது வயச் சேறு."

"சேறுதான் சித்தி."

"இல்ல, வயச் சேறு. அவங்க எங்க போறாங்க?"

பஸ்ஸின் நெற்றியைப் படித்து "தஞ்சோங் காராங்" என்றேன். அந்த அம்மாள் ஏறினார். சித்தி எழுந்தாள். நான் என்ன ஏதென்று கேட்பதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"சித்தி, இது நம்ம பஸ்ஸு இல்லலா! இறங்குங்க!"

அவள் காதில் விழவில்லை. மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டி, முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளை ஆள்காட்டி விரலால் சுட்டிக் காட்டினாள். அவர் இறங்கும் இடத்துக்கே எங்களுக்கும் டிக்கெட் கிடைத்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு விதி அங்கேயே போயிற்று.

செம்பனை முடிந்தது, தென்னை வந்தது. தென்னையும் முடிந்து ஒரு பெரிய வாய்க்காலின் ஓரமாக பஸ் திரும்பியபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மரமே இல்லாத இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வானம் தொடங்கும் இடம்வரை தண்ணீரும் இளம்பச்சையுமாக விரிந்து கிடந்தது. சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "லோரில வருதுன்னியே" என்றாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அந்த அம்மாள் இறங்கிய இடத்தில் நாங்களும் இறங்கினோம். வயலில் ஏழெட்டு மலாய்ப் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நுனி பிளந்த ஒரு குச்சியில் நாற்றைச் செருகிச் சேற்றில் குத்துவது அவர்களுடைய வழக்கம். சித்தி வரப்பில் நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், யாரையும் கேட்காமல் உள்ளே இறங்கிவிட்டாள்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருத்தி சத்தமாக ஏதோ கேட்டாள். பிறகு வரப்பில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டாள். என் வாயில் வந்தது ஒன்றுதான்: "தா தாவு." மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தா தாவு. அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

சித்தி அதற்குள் ஒரு நாற்றுக்கட்டைப் பிரித்துவிட்டாள். குச்சி இல்லாமல், வெறும் விரலால், குனிந்த நிலையிலேயே பின்னால் நகர்ந்துகொண்டு நட்டாள். அவள் கை தண்ணீருக்குள் போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரியவில்லை. நூல் பிடித்தமாதிரி ஒரு வரிசை, அதன் பக்கத்தில் இன்னொன்று. சிரிப்பு நின்றது. நாங்கள் பின்தொடர்ந்து வந்த அந்த அம்மாள் சேற்றில் இறங்கி, சித்தி நட்ட நாற்று ஒன்றைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அவர் தம் குச்சியை வரப்பில் எறிந்துவிட்டு, சித்தியின் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தி அவருக்குச் செய்து காட்டினாள். இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

மத்தியானம் அந்த அம்மாளின் வீட்டுப் படிக்கட்டில் காலைக் கழுவிக்கொண்டு நின்றபோது அவர் கேட்டார்: "சூடா மாக்கான்?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்த முதல் தடவை அது. "இல்லன்னு சொல்லு பாப்பா" என்றாள்.

அவர்கள் வீட்டில் சாப்பிடக்கூடாது என்ற விதியை நான் முணுமுணுத்தேன். அந்த அம்மாளுக்கு எப்படிப் புரிந்ததோ, ஒவ்வொரு சட்டியாகத் திறந்து காட்டி "ஈக்கான்" என்றார். மீன். ஒரு சட்டியை மட்டும் திறக்காமல் தூரத் தள்ளிவைத்தார். சித்தி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மூன்றாவதாகப் போட்டதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோல சிலாங்கூருக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. பஸ் நிலையத்தில் சித்தப்பா மோட்டார் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நின்றிருந்தார். வெட்டுக்குப் போன உடுப்பைக்கூட மாற்றவில்லை. எங்களைப் பார்த்ததும் அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கலா போனீங்க? கையில பாஸ்போர்ட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. சடக்குத் தடுப்புல போலீஸ்காரன் யாராச்சும் புடிச்சிருந்தா நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே போகக்கூடாது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். என் பாடங்களில் அது இல்லவே இல்லை.

சித்தி அவர் எதிரில் நின்றாள். சேலையில் முழங்கால்வரை சேறு.

"இங்க நெல்லு வெளையுதுன்னு நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

சித்தப்பா அவள் சேலையிலிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீ கேக்கலியே" என்றார்.

"நீங்க பேசவே இல்லியே" என்றாள் சித்தி.

அவர் எழுந்தார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து அவளிடம் நீட்டினார், காலைத் துடைத்துக்கொள்ள.

படம் எடுக்காமல் வந்ததற்காக அம்மா என்னை அடித்தாள். ஒரு படத்துக்காக இவ்வளவா என்று தோன்றியது. சித்தி ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லியிருந்ததும், தங்கும் அனுமதியை நீட்டிக்கப் படம் தேவைப்பட்டதும், அவள் படத்துக்கு உட்காராவிட்டால் அடுத்த கப்பல்தான் என்று பெரியவர்கள் பயந்துகொண்டிருந்ததும் எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை சித்தி தானாகவே சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ் ஏறி ஊர் சுற்ற ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

என் பாடங்கள் தொடர்ந்தன. ஆனால் இப்போது கேள்வி கேட்பவள் அவள். அடுத்த வாரம் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "பாப்பா, தீபாவளிக்கு அந்த அம்மாவக் கூப்பிடணும். என் வீட்டுக்கு வாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"தாத்தாங் ரூமா சாயா."

"இதுல எது வீடு, எது என்னோடது?"

"ரூமான்னா வீடு. சாயான்னா நான், என்னோடது, ரெண்டுக்கும் அதான்."

"ரூமா சாயா" என்றாள் சித்தி. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சமையலறையின் கரிபிடித்த பலகைச் சுவரையும் கூரைத் தகரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ரூமா சாயா" என்று மறுபடியும் சொன்னாள். அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. 'ரூ' சரியாக வரவில்லை என்று நான் அவளை இன்னும் மூன்று முறை சொல்லவைத்தேன்.