வெயிலுக்குப் போட்ட படங்கு

எரிபொருள் வரிசைக் காலத்தில் என் அத்தானின் மிளகாய்த் தோட்டம் கருகிப்போனது. மண்ணெண்ணெய்க்காக அவர் வரிசையில் நிற்க, கன்றுகள் தண்ணீரில்லாமல் நின்றன. அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனை: பிள்ளைகளுக்கும் தண்ணீர் இறைக்கிற இந்த எண்ணெய் மிசினையே விட்டுப்போவதா? மின்சார மோட்டர் என்றால் அந்தக் கரண்டிலும் ஒரு பங்கு நிலக்கரிதானே என்று நான் குறுக்கே விழுந்தேன். "அப்ப வெயிலைப் பாப்பம்" என்றார். அவர் மனைவி, என் அக்காவுக்குத்தான் பயம். வீட்டுக்குக் குடிதண்ணீரும் அதே கிணறுதான். ஏதாவது பிசகினால் இரண்டும் போய்விடும்.

ஆகவே, ஆடிமாதச் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, சோலரில் தோட்டம் இறைக்கிற தவமலர் என்ற அக்காவைப் பார்க்க நானும் அத்தானும் விசுவமடுவுக்குப் புறப்பட்டோம். வவுனியாவில் காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாண பஸ். பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுக்க வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். விசுவமடுச் சந்தியில் ஓட்டோக்காரர் எங்களைப் பார்த்ததுமே, "சோலர் பாக்கவோ வந்தனீங்கள்? ஏறுங்கோ, போன கிழமையும் ரெண்டு பேரைக் கொண்டுபோனனான்" என்றார்.

தவமலர் அக்காவின் தோட்டத்துக்குப் போனபோது உச்சி வெயில். சோலர் பனல்களின்மேல் தார்ப்பாய் மாதிரி நீலப் படங்கு ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. "வெயிலில வேலை செய்யிற சாமானுக்கு நிழல் குடுத்து வைச்சிருக்கினம், நல்ல விண்ணர்தான்" என்று அத்தான் முணுமுணுத்தார். எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

அது தவமலர் அக்காவின் காதில் விழுந்துவிட்டது. சிரித்தபடி, "உங்களுக்காகக் கொஞ்ச நேரம்" என்று படங்கை இழுத்து விலக்கினார்.

புகை இல்லை. இரைச்சல் இல்லை. குழாயிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுகிற ஓசை மட்டும். இத்தனை வருடம் தோட்டத்து இறைப்பில் நான் கேட்டதெல்லாம் மிசினின் சத்தம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. சும்மா சொல்லக்கூடாது, மெய் சிலிர்த்துவிட்டது. தலையைச் சுடுகிற அதே வெயில்தான் காலடியில் குளிர்ந்துகொண்டு ஓடியது. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் காலை வைத்தார்.

"பின்னை ஏன் படங்கு?" என்று அங்கே நின்றபடியே கேட்டார்.

"எண்ணெய் மிசின் எண்டால் காசு போகுதெண்டு நேரத்தோட நிப்பாட்டுவம். வெயிலுக்குக் காசில்லைத்தானே? முதல் வருசம் விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் ஓட விட்டனான். ஆவணிக்குள்ள கிணறு சேறு. பக்கத்து வளவுக் கிணறும் இறங்கிட்டுது. குடிக்கிற தண்ணிக்குக் கான் தூக்கித் திரிஞ்சம்."

கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். உட்சுவரில் வெள்ளைப் பெயின்ற்றில் ஒரு கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கினால் பனலுக்குப் படங்கு.

"சுவிச்சை நிப்பாட்டினால் காணாதோ?" என்றார் அத்தான்.

"சுவிச் நிப்பாட்டினது எனக்கு மட்டும்தான் தெரியும். படங்கு எண்டால் நாலு வளவுக்கும் தெரியும். எல்லாக் கிணத்துக்கும் ஒரே ஊத்துத்தான், ஒராள் போட்டால் மற்றவையும் போடுவினம்." படங்கைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார்: "வெயில் பேரப்பிள்ளையளுக்கும் கிடைக்கும். தண்ணியும் கிடக்க வேணுமே."

போக நினைப்பவர்கள் மாரி மழைக்கு முன் போங்கள். கிணறு இறங்கிய காலத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். உங்கள் கிணறு எவ்வளவு நேரத்தில் திரும்ப ஊறுகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். எத்தனை பனல் வேண்டும் என்பதைப் பிறகு கேட்கலாம். எண்ணெயை விட்டுவிட முடியும் என்பதை நான் கண்ணால் கண்டுவிட்டேன். ஆனால் எண்ணெய்ச் செலவு நம் கையைப் பிடித்து வைத்திருந்ததும் உண்மை. இனி நாமேதான் பிடிக்க வேண்டும்.

அத்தான் இன்னும் பனல் வாங்கவில்லை. வவுனியாவில் இறங்கியதும் வெள்ளைப் பெயின்ற் ஒரு பேணி வாங்கினார். மறுநாள் காலை கிணற்றுக்குள் இறங்கிக் கோடு போட அவர் தூரிகையை எடுத்தபோது, மேலே கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி நின்ற என் அக்கா குனிந்து சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் மேல போடுங்கோவன்."